மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி

அத்தியாயம் 14

போன வாரம் அத்தை பொரிந்து தள்ளியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வந்து, வீட்டுல உக்காந்து பொம்மை லாரி ஓட்டுற மனுஷனை இந்த உலகத்துல எங்கயாவது கண்டதுண்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

அப்பா எதற்காக அந்த லாரியை ஓட்டுகிறார் என்று அவருக்கும் தெரியும், மகள் வாலுவுக்கும் தெரியும். 

அம்மா இறந்துபோன பிறகு அந்த வீட்டில் பேச்சே செத்துப்போயிருந்தது. டவுன் பஸ் ஓட்டும் அப்பாவுக்கு, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அதோடு சரி. வாலு என்று பெயர் வாங்கிய பெண்ணே வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் என்ன தோன்றியதோ, அவரைப் பிடித்து இழுத்துவந்து கூடத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள்.

அவர் கூடத்தில், இவள் உள்ளறையில் லேப்டாப்பில். பனி மூடிய மலைப்பாதையில் இரண்டு லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டு பேர் காதிலும் ஹெட்போன். முகத்தைப் பார்த்துப் பேச முடியாததையெல்லாம் ரோட்டைப் பார்த்துப் பேச முடிந்தது. "உங்கம்மாவுக்குக் குளிரே ஆகாதுடி. இப்படி ஒரு ஊருக்குக் கூட்டிட்டு வந்திருந்தேன்னா, பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கவே மாட்டா" என்று அப்பா முதல் தடவையாக அம்மாவைப் பற்றிப் பேசியது அந்த மலை வளைவில்தான்.

திரையின் இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்ன வரைபடம் இருக்கும். அதில் வாலுவின் லாரி ஒரு மஞ்சள் புள்ளி. அவள் பின்னால் வருகிறாளா, எங்கேயாவது பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கிறாளா என்பதை அப்பா அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொஞ்ச நாளாக அந்தப் புள்ளியில்தான் தகராறு.

"வாலு, எங்கடி போன? உன்னைக் காணோம்."

"இங்கதான்ப்பா வர்றேன். உங்க பின்னாலயேதான்."

"மேப்பே இல்லையேம்மா. மூலை வெறுமையா இருக்கு... ஆங், வந்துடுச்சு. இப்ப வந்துடுச்சு."

வந்து வந்து போகிற கோளாறு. வாலு எழுந்து வந்து உட்கார்ந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடியும் ஆரம்பித்துவிடும். கேபிளை மாற்றினாள். விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். தோழியின் மானிட்டரைக் கடன் வாங்கிவந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் ஆலோசனை கேட்டாள். ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். கிராபிக்ஸ் கார்டு செத்துக்கொண்டிருக்கிறது என்றார் ஒருவர். ரேம் பத்தாது என்றார் இன்னொருவர். பவர் சப்ளை மட்டமானதாக இருந்தால் இப்படித்தான் என்று ஒருவர் பெரிய வியாசமே எழுதினார். நத்தை என்ற பட்டப்பெயரில் உலவுகிற ஓர் ஆள் மட்டும், "வேற யாராவது உக்காந்தா மேப் தெரியுதா?" என்று கேட்டிருந்தார்.

வாலுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கப்பா பஸ் டிரைவர். கண் டெஸ்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சவர். மெஷினைப் பத்தி மட்டும் பேசுங்க" என்று பதில் போட்டாள்.

அந்த வீட்டில் எதைச் சந்தேகப்பட்டாலும் படுவார்கள், டிரைவரின் கண்ணைச் சந்தேகப்பட மாட்டார்கள். போகட்டும்.

முடிவாக, புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்துத் தன் கையாலேயே பூட்டி, அப்பாவுக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தாள். ஜெராக்ஸ் கடையில் மாலை வேலை பார்த்துச் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது. அப்பாவுக்கு அன்று சாயங்கால டியூட்டி. காலையிலேயே இரண்டு பேரும் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

*

கடையில் ஆலோசனை சொல்ல ஒரு பையன் இருந்தான். தலைமுடியை உச்சியில் கொண்டையாக முடிந்திருந்தான். அப்பா அந்தக் கொண்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார். வாலு அவர் முழங்கையில் இடித்தாள்.

"என்ன கேம் ஆடுவீங்க சிஸ்டர்?" என்றான் கொண்டைக்காரன்.

"நான் இல்லை. இவருக்கு."

"சாருக்கா!" அவன் முகம் மலர்ந்துவிட்டது. "சார், முதல்ல கிராபிக்ஸ் கார்டை முடிவு பண்ணிடலாம். படம் வரையறது அதுதான். மத்ததெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கலாம். கார்டு பெருசா எடுத்துட்டு ப்ராசஸரைச் சின்னதா எடுத்தா, இது வேலை முடிச்சுட்டு அதுக்காகக் காத்துட்டு நிக்கும்."

"எஞ்சின் பெருசு, கியர் பாக்ஸ் சின்னது. ஏத்தத்துல நின்னுரும்" என்றார் அப்பா.

"அதேதான் சார்! பிடிச்சுட்டீங்க."

அதற்குப் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கு, நல்ல சாமான்தான்" என்றார். மதர்போர்டில் எது எங்கே செருகும் என்று விரலால் தடவிக் கேட்டார். தண்ணீரில் குளிர்விக்கும் சாதனத்தைக் காட்டி அதற்கு ரேடியேட்டர் என்று பெயர் சொன்னதும் குழந்தை மாதிரிச் சிரித்தார். "இதுக்கும் ரேடியேட்டரா! வாலு, காலைல மூடியைத் திறந்து தண்ணி ஊத்தணுமா பாரு."

அம்மா போன பிறகு அப்பா இப்படி வாய்விட்டுச் சிரித்து வாலு பார்த்ததில்லை. இந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு வருஷம் ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கேபினட் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டாள். கலர் கலராக மின்னும் பெட்டிகளையெல்லாம் தள்ளிவிட்டு, முன்பக்கம் கம்பிவலை போட்ட கறுப்புப் பெட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்தார். "இதுல காத்து நல்லாப் போகும். இதுக்கு பில் போடுங்க தம்பி." மற்றதெல்லாம் முடிவாவதற்குள்ளேயே பெட்டி அட்டையில் கட்டப்பட்டுத் தயாராக நின்றது.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்" என்றான் கொண்டைக்காரன். கடையின் பின்புறம் ஒரு வரிசையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள். "நான் சொன்ன கார்டு இந்த முதல் மெஷின்ல இருக்கு. உங்க லாரி கேமும் இதுல இருக்கு."

அப்பா உட்கார்ந்தார். மலை வந்தது. பனி ஒவ்வொரு துகளாகத் தெரிந்தது. வாலு அவருக்குப் பின்னால் நின்று, திரையின் இடப்பக்க மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடம் பளிச்சென்று இருந்தது. அவளுக்கு நிம்மதி.

"ஆகா, ரோடு வழுக்கிட்டுப் போகுது வாலு" என்ற அப்பா, இரண்டு வளைவு தாண்டியதும் சொன்னார்: "ஆனா தம்பி, இதுலயும் மேப் வரலையே."

"இருக்கே சார்."

"எங்க?" அப்பாவின் முகம் இடப்பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது. "ஆங், இப்ப வந்துடுச்சு."

வாலுவின் கண் அந்த மூலையை விட்டு நகரவே இல்லை. மேப் போகவும் இல்லை, வரவும் இல்லை. அங்கேயேதான் இருந்தது.

நாற்காலிக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

"அப்பா, ரோட்டைப் பார்த்து ஓட்டிட்டே இருங்க. திரும்பாதீங்க" என்றாள். அவருடைய இடத்தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால், கையை நீட்டி விரல்களை ஆட்டினாள். "திரும்பாம சொல்லுங்க. என் கை எங்க இருக்கு?"

"உன் கை உன்கிட்டதான் இருக்கும். வேற எங்க போகும்?" என்று சிரித்தார் அப்பா.

கொண்டைக்காரன் சிரிக்கவில்லை. அவளுடைய விரல்கள் ஆடிக்கொண்டே இருப்பதை அவன் பார்த்துவிட்டான். சட்டென்று எங்கோ அவசர வேலை இருப்பவன் போல ஒரு கேபிளைச் சுற்ற ஆரம்பித்தான்.

அப்பா இப்போது திரும்பினார். தன் கன்னத்துக்கு அத்தனை அருகில் நின்ற மகளின் கையைப் பார்த்தார். லாரி மலையை விட்டு விலகிப் பள்ளத்தில் உருண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"இந்த மெஷின்லயும் அதே கோளாறு இருக்கு தம்பி" என்றார். "வேற காட்டுங்க."

"அப்பா..."

"நீ சும்மா இரு. வேற காட்டுங்க."

அடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். ஓட்டினார். எழுந்தார். அதற்கடுத்ததில் உட்கார்ந்தார். கடையிலேயே பெரிய மானிட்டர் வைத்திருந்த மெஷினுக்குப் போனார். சின்னதுக்குப் போனார். அந்த வரிசை முழுக்க ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எழுந்து நகர்ந்துகொண்டே போன அப்பாவின் பின்னால் வாலுவும் போனாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. ஏதாவது ஒன்றில் அந்த மஞ்சள் புள்ளி அவருக்குத் தெரிந்துவிடாதா என்று அவளும்தான் கூடவே வேண்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி நாற்காலியில் அவர் ஓட்டக்கூட இல்லை. மவுஸின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்துலயும் ஒரே கோளாறா இருக்கேம்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது.

*

பில் போட்ட பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அப்பா சம்மதிக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் தெருமுனையில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எனக்குத் தெரியாது வாலு. சத்தியமாத் தெரியாது."

அவள் பெட்டியை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா இருக்கறது எல்லாம் கத்தி மாதிரித் தெரியுதுடி. அந்த போர்டுல என்ன எழுதியிருக்குன்னு இங்கருந்தே படிக்கிறேன் பாரு." படித்தும் காட்டினார். எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைப் பலகையில் பொடியாக இருந்த எழுத்தைக்கூட விடவில்லை. பிறகு, கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சம் தெரியும்" என்றார்.

"என்னப்பா தெரியும்?"

"பஸ்ஸோட இடது சைடு கண்ணாடியைக் கம்பத்துல இடிச்சது. கம்பத்தைக் கோணலா நட்டுட்டானுங்கன்னு டிப்போவுல சண்டை போட்டேன். மறுபடியும் இடிச்சப்ப, ஆட்டோக்காரன் குறுக்க வந்துட்டான்னு சொன்னேன். நம்பித்தான் சொன்னேன் வாலு. அப்புறம் வீட்டுல மேப் காணாமப் போச்சா... சரி, கம்ப்யூட்டர்தான் போலிருக்குன்னு மனசு ஆறுதலாயிடுச்சு. புது மெஷின் வந்தா எல்லாம் சரியாயிரும்னு..."

வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவர் ஆசைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆசைப்பட்டதற்கு அவளும் கூடவே துணைபோயிருக்கிறாள்.

"சாயங்காலம் டியூட்டிக்குப் போகாதீங்கப்பா."

"பார்ப்போம்."

"பார்ப்போம் இல்லை. போகாதீங்க. நாளைக்கு முதல் வேலையா கண் டாக்டர்கிட்டப் போறோம்."

"டாக்டர் என்னடி சொல்லுவாரு? வண்டி ஓட்டாதேன்னு எழுதிக் குடுப்பாரு. அப்புறம் நான் யாரு?"

 

*

"இதான் கம்ப்யூட்டரா? உள்ள ஒண்ணையும் காணோமே" என்றாள் அத்தை, பெட்டியின் கம்பிவலைக்குள் எட்டிப் பார்த்து.

"உள்ள போடறதுக்கு எதுவும் வாங்கலை அத்தை."

அப்பா பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாலு சமையலறைக்கு வந்து, அடுப்பைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அத்தை ஐயோ அப்பா என்று தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். அத்தை நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைத் தொடர்ந்து நறுக்கினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னது?"

"ரொம்ப நாளா அவன் இடது கைப்பக்கம் நான் டம்ளர் வைக்கிறதில்லை. வச்சா தட்டி விட்டுருவான். கூடத்துல கிடந்த ஸ்டூலை எதுக்கு மாடிக்கு ஏத்தினேன்னு நினைச்சே? அதுல இடிச்சு இடிச்சு அவன் முழங்கால் எல்லாம் காயம்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? அந்த பஸ்ல எத்தனை பேர் ஏறி இறங்கறாங்க அத்தை! அதுவும் ஏறுறது இறங்கறது எல்லாம் இடது பக்கந்தான். ஒரு குழந்தை கிழந்தை ஓடி வந்தா..."

"கத்தாதே. அவனுக்குக் கேட்கும்." அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். "போன வருஷந்தான் ஒருத்தி போனா. அவன் சோறு தண்ணி இல்லாம கிடந்தான். திரும்ப அந்த வண்டியில ஏறி உக்காந்த பிறகுதான் மனுஷனா ஆனான். அதையும் நானே போய் அவன்கிட்டருந்து புடுங்கணுமா? கூடப்பொறந்தவடி நான்."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்லை. தப்புதான். தினம் அவன் வீட்டுக்குள்ள காலை எடுத்து வைக்கிற வரைக்கும் எனக்கு உசிரு உசிரா இல்லை." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வெங்காயத்தால் இல்லை. "நீ மட்டும் என்ன பண்ணின? நாள் பூரா மெஷின் மெஷின்னு சொல்லிட்டு இருந்தே. உனக்குத் தெரியாதாக்கும்."

வாலுவுக்கு அறைந்தது போலிருந்தது. நத்தை கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அதற்குத் தான் போட்ட பதிலும், அந்தப் பதிலில் இருந்த கோபமும் ஞாபகம் வந்தன. தெரியாதவளுக்கு ஏன் அத்தனை கோபம் வரவேண்டும்?

*

அறைக்கதவு திறந்தபோது அப்பா காக்கிச் சட்டையில் இருந்தார். தலை படிய வாரியிருந்தார்.

வாலு வாசற்படியில் போய் நின்றுகொண்டாள்.

"நகரு வாலு."

"மாட்டேன்."

"இன்னிக்கு ஒரே ஒரு நாள்." அப்பா அதட்டவில்லை, கெஞ்சினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "நேத்து ஓட்டினதுதான் கடைசின்னு எனக்குத் தெரியாதும்மா. ஏதோ நினைப்புல ஓட்டிட்டு, வண்டியை விட்டுட்டு, சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன். கடைசின்னு தெரிஞ்சு ஒரு தடவை ஓட்டிக்கறேன். மெதுவாப் போறேன். கழுத்தை நல்லாத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கறேன். ஒரே ஒரு டிரிப்."

அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றாள். "தம்பி..." என்றாள். 

"அம்மா மேல உங்களுக்கு இருக்கிற பிரியம் எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் வாலு. "அந்த பஸ்ல ஏறுற ஒவ்வொருத்தருக்கும் வீட்டுல யாரோ ஒருத்தர் அதே பிரியத்தோடதானே காத்துட்டு இருப்பாங்க?"

 அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, போனை எடுத்தார். டிப்போ சூப்பர்வைசரின் குரல் வெளியே கேட்டது.

"சார், நான்தான். இன்னிக்கு வர முடியலை."

"ஏன், என்னாச்சு?"

வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காய்ச்சல் சார்" என்றார் அப்பா. "லேசாத்தான். நாளைக்குக் காலைல வந்து வண்டியை எடுத்துடறேன்."

போனை அணைத்துப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

போன் கிடந்தது அவருடைய இடப்பக்கம். வாலு ஓசைப்படாமல் போய் அதை எடுத்தாள். அவருக்கு ஓர் அடி தூரத்தில்தான் நின்றாள். அப்பாவின் இமைகூட அசையவில்லை. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அத்தை பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்படியே உள்ளறைக்குப் போய் ரகசியமாகப் பேசிவிட்டு வந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை. அவர் பார்வையில் இடப்பக்கம் விழுந்திருக்கும் அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

அவளால் முடியவில்லை.

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவருக்கு நேர் எதிரே, நன்றாகத் தெரிகிற இடத்தில், தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். போனைத் தூக்கி அவர் கண்ணுக்கு முன்னால் காட்டினாள். காட்டிவிட்டு, அதே எண்ணை அழுத்தினாள்.

அப்பா பார்த்தார். கை நீட்டினால் பிடுங்கிவிடும் தூரம்தான். அவர் கை எழுந்தது.

"என்ன டிரைவரே, மறுபடியும்?" என்றது சூப்பர்வைசரின் குரல்.

"நான் அவர் பொண்ணு பேசறேன் சார்" என்றாள் வாலு, அப்பாவின் கண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.